காதில் விழாத பிரெஞ்சு

கரும்பலகையில் கோடு போட்டு, வினைச்சொற்களைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டிருக்கும் பிரெஞ்சு சாரின் முதுகுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் நான் பி.ஏ. படித்த கல்லூரியில், தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம். மார்க் கொட்டும் என்றுதான் பலரும் சேர்ந்தார்கள். நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்வந்த நானோ, இன்னொரு மொழி பேசப்போகிறேன் என்ற ஆசையில் சேர்ந்தேன். இரண்டு வருடத்தில் அந்த வகுப்பில் யாரும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. சார் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதி மனப்பாடம் செய்வோம். சந்தேகம் கேட்டால், "இது பரீட்சைக்கு வராதும்மா" என்று மறுபடி பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

அப்பா விவசாயி. "எம்பொண்ணு பிரெஞ்சு படிக்குதுங்க" என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்வார். இரண்டாம் வருடக் கடைசியில், உறவினரோடு நாங்கள் ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசல் துறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் அழுதுகொண்டிருந்தாள். சுற்றிலும் கூட்டம். அது பிரெஞ்சு என்று யாரோ சொன்னதும் அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "கேளு கண்ணு, என்னன்னு."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் பேசினாள். "மோமாஹி, மோமாஹி" என்று ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாயைத் திறந்தால் வினைச்சொல் கட்டம்தான் வரிசையாக வந்தது. நான் உளறுவதைக் கேட்டு அவள் இன்னும் அழுதாள். அப்போது ஒரு பரிசல்காரர் வந்தார். அவளுடைய மோதிரத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் தலையாட்டி, தாடி இருப்பதுபோல் கையால் காட்டி, பாறைகளின் பக்கம் கை நீட்டினாள். "வூட்டுக்காரரைக் காணோமாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். கால் பிசகிப் பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை அரைமணி நேரத்தில் தூக்கி வந்தார்கள்.

வூட்டுக்காரர் என்று கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அவள் சொன்ன 'மோமாஹி' முதல் பாடத்திலேயே இருந்த சொல். 'என் கணவர்.' சார் அதை எழுத்துக்கூட்டி "மோன் மாரி" என்று வாசித்திருந்தார். திரும்பும்போது பஸ் பென்னாகரம் தாண்டியதும் அப்பா மெதுவாகக் கேட்டார். "அந்தம்மா வேற ஊர்ப் பிரெஞ்சு பேசுச்சோ என்னமோ, இல்ல கண்ணு?" திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். "ஒரே ஒரு நாள் எங்ககிட்ட பிரெஞ்சுல பேசுங்க சார்" என்றேன். சார் பலகைப் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பேச வருமா சார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. "வெளிய போம்மா" என்றார்.

மணி அடித்ததும் தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நான் தபால்ல படிச்சவன்மா. அந்த ஊர்க்காரங்க பேசி ஒருநாளும் கேட்டதில்ல" என்றார். பிறகு, "அந்தம்மா எப்படிச் சொன்னாங்க? இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். அவர் உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வரவில்லை. அடுத்த நாள் மறுபடியும் கட்டம் போட்டார். பல்கலைக்கழகத் தேர்வில் எனக்குத் தொண்ணூற்று நான்கு. அப்பா மிட்டாய் வாங்கி வந்தார். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

இந்த வருடம் என் மகள் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எப்படி இருக்கும் என்று போனில் கேட்டாள். "முதல் நாளே பேசச் சொல்லுவாங்க. தப்பாவே பேசு. பேசவே விடலேன்னா வேற வகுப்புக்கு மாறிடு" என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். "யார் மேலம்மா இவ்வளவு கோவம்? உங்க சார் மேலயா?" என்றாள்.

"இல்ல. பேசத் தெரியுமான்னு எங்க ரெண்டு பேரையும் ஒரு தடவகூடக் கேக்காம, அவருக்கு வேலையும் எனக்கு மார்க்கும் குடுத்தாங்களே, அவங்க மேல" என்றேன்.