ஆத்துக் கப்பல் ஊதின சங்கு

உனக்கு எதுக்குடி அதெல்லாம்? வந்தியா, காப்பி குடிச்சியா, போனியான்னு இல்லாம, இந்த டப்பா ஏது, எந்த ஊருது, யாரு குடுத்தாங்கன்னு போலீஸ்காரி மாதிரி கேக்கற. மோந்து பாத்த இல்ல, அதோட வுடு. கதையும் வேணுமாம் அம்மாவுக்கு. சரி, உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இங்க உக்காரு.

அது எம் புள்ள ஆல்பேர் அமெரிக்காவுலேர்ந்து அனுப்பினது. மஞ்ச டப்பாவப் பாத்துட்டு உள்ள என்னமோன்னு நெனச்சுக்காத. சிக்கரி போட்ட காப்பித்தூளு, அவ்வளவுதான். நம்ம மார்க்கெட்டுல பொட்டலம் கட்டிக் குடுக்கறானே, அதே வாசனை. அத அவன் அங்க டப்பாவுல அடைச்சு, படம் போட்டு, ஏரோப்ளேன்ல ஏத்தி அனுப்பறான்.

இந்த வாசனை வந்தா எனக்கு உடனே அந்த பிரெஞ்சுக்கார மதாம் வூட்டு அடுப்பங்கரை தான். கடக்கரைப் பக்கம், மஞ்ச சுவத்து வூடு. கல்யாணமான புதுசுல அங்க நான் பாத்திரம் தேச்சேன், அப்புறம் வெங்காயம் உரிச்சேன், அப்புறம் மதாமுக்கே மீன் கொழம்பு ஊத்தினேன். அப்படியே மேல மேல போயிட்டேன் பாரு! மதாம் காப்பியில பாதிக்குப் பாதி சிக்கரி. குடிச்சா நாக்கு ஒரு மணி நேரம் கசக்கும். குடிச்சுட்டு கெடியாரத்தப் பாக்கும். எனக்குக் கெடியாரம் பாக்கத் தெரியாது. எனக்கு இருந்தது மில் சங்கு தான். பன்னெண்டு மணிக்கு அது ஊதினா, கையில இருக்கறது பாதி உரிச்ச வெங்காயமா இருந்தாலும் போட்டுட்டுக் கெளம்பிடுவேன். கடல முதுகுல வச்சிகினு நேரா நடந்தா வாய்க்கா வரும். தாண்டினா மார்க்கெட். அதுக்குப் பின்னாடி என் வூடு. காலையிலயே ஆக்கி வச்ச சோத்த தூக்குல எடுத்துகினு மில் கேட்டுக்கு ஓடணும். எங்க வூட்டுக்காரர் கேட்டுக்கம்பியப் புடிச்சிகினு நிப்பாரு. தலை பூரா பஞ்சு. முப்பது வயசுலயே கெழவன் மாதிரி வெள்ளையா. "கெழவனுக்கு வாக்கப்பட்டுட்டேனே"ன்னு நான் தெனமும் சொல்லுவேன், அவரும் தெனமும் புதுசா கேக்கறாப்புல சிரிப்பாரு. லீவு நாள்ல ஆல்பேரும் என் முந்தானையப் புடிச்சிகினு கூட ஓடி வருவான்.

எதுலேர்ந்து எங்க போயிட்டேன் பாத்தியா. டப்பா கதை கேட்ட இல்ல, வரேன்.

போன வருஷம் அவரு போய்ச் சேந்தாரு. உனக்குத்தான் தெரியுமே, நீதான வந்து என் தலையப் புடிச்சுக்கின. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சதும் ஆல்பேரு என்னை ஹூஸ்டனுக்கு மூட்டை கட்டிட்டான். நல்ல வூடு தான். ஆனா அந்தத் தெருவுல மனுஷன் நடக்கறதே இல்லடி. நடந்தாலும் நாய் முன்னாடி இழுத்துகினு போவும், மனுஷன் பின்னாடி போவான். என் காலுக்கு அதெல்லாம் ஒத்துவருமா? காலையில எழுந்தா சமையக்கட்டு, அங்கேர்ந்து ஜன்னல், ஜன்னல்லேர்ந்து மாடி, மாடியிலேர்ந்து திரும்ப சமையக்கட்டு. "அத்தை, கொஞ்சம் உக்காருங்க அத்தை, உங்களப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது"ம்பா மருமவ ஷோபா. நான் உக்காருவேன். அவ அந்தப் பக்கம் போனதும் எழுந்துடுவேன்.

அப்பத்தான் ஒரு நாள் அவன் ஆரம்பிச்சான். "அங்க உனக்கு யாரும்மா இருக்கா? வூட்ட வித்துடலாம். நல்ல ஆளு கேக்கறான், ஓட்டல் கட்டப் போறானாம். நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." கடுதாசி கூட ரெடியா வச்சிருக்கான். எனக்கு எழுதத் தெரிஞ்சதே என் பேரு ஒண்ணு தான், அதுவும் கோணலா வரும். அந்தக் கோணல் பேர வச்சு என் வூட்டையே தூக்கிடப் பாக்கறான் பாரு! இந்த வூடு அவரு நைட் ஷிப்டு பாத்துட்டு வந்து, தூங்காம, கொத்தனாருக்குக் கல்லு எடுத்துக் குடுத்துக் கட்டின வூடு. நான் மாட்டேன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. "பாக்கலாம்டா"ன்னேன். பெத்த புள்ளைய மூஞ்சிக்கு நேரா எப்படி மாட்டேன்னு சொல்றது?

அவன் என்ன பண்ணான் தெரியுமா? "ஒரு ஊரு காட்டறேன் வா. அப்படியே நம்ம பாண்டிச்சேரி தான். அதப் பாத்துட்டு சொல்லு"ன்னான். ஊசி போடறதுக்கு முன்னால டாக்டரு பொம்மை காட்டுவாரே, அந்த மாதிரி. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பொடவையக் கட்டிகினு மொத ஆளா காருல ஏறி உக்காந்துட்டேன். ஷோபா ஒரு அட்டையில போன் நம்பரு எழுதி என் ரவிக்கையில பின் குத்தி வுட்டா. சின்னப் புள்ளைக்குக் கர்ச்சீப்பு குத்தற மாதிரி. "மூக்கு ஒழுகினா இதுல தொடச்சுக்கட்டுமா?"ன்னேன். அவளுக்குக் கோவம்.

ஊரு பேரு நியூ ஆர்லியன்ஸ். அரை நாள் காரு. எறங்கினதும் அப்படியே நின்னுட்டேன். மஞ்ச சுவரு, பச்சை ஜன்னல் கதவு, மேல இரும்புல பூ வேலை செஞ்ச பால்கனி. தெரு மூலையில பலகை. அதுல ஆர், யூ, ஈ. தெருன்னு அர்த்தமாம். அந்த மூணு எழுத்து தான் எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு, மதாம் வூட்டு முக்குல தெனம் பாத்தது. வெள்ளைக்காரன் ஒரே அச்சுல ரெண்டு ஊரச் சுட்டுட்டான் போலருக்கு. கோவேறு கழுதைக்குத் தொப்பி போட்டு வண்டியில கட்டி வச்சிருந்தாங்க. போண்டா மாதிரி ஒண்ண எண்ணெயில பொரிச்சு அது மேல மாவு மாவா சீனியக் கொட்டிக் குடுத்தாங்க, தும்மினேன், பக்கத்து மேசைக்காரன் சட்டையெல்லாம் வெள்ளை. கூடவே காப்பி. ஒரு வாய் வச்சேன். சிக்கரி! "மதாம் இங்க எங்கயோ தான்டா இருக்குது"ன்னு நான் சொல்ல, ஆல்பேருக்கு ஒரே சந்தோஷம். காய் பழுத்துடுச்சுன்னு நெனச்சுட்டான். அப்பவே இந்த டப்பாவ ரெண்டு வாங்கிட்டான். சாயங்காலம் ஒரு தெருவுல மேளம், ஊதுகுழலு, கொடையப் புடிச்சிகினு கைக்குட்டைய ஆட்டிகினு ஒரே ஆட்டம். "யாருடா செத்தது?"ன்னு கேட்டேன். "ஐயோ, கல்யாணம்மா அது!"ன்னு தலையில அடிச்சுக்கினான்.

மறுநாள் காலையில ஆத்தங்கரைக்குப் போனோம். ஆறா அது? அம்மாம் அகலம். கரையில கல்லு கொட்டி வச்சு, நடக்கறதுக்கு எடம் வுட்டு, நம்ம கடக்கரை மாதிரியே. சூரியனும் தண்ணிப் பக்கமாவே நின்னுச்சு. நான் பாட்டுக்கு அத கடலுன்னே மனசுல முடிவு பண்ணிட்டேன். தண்ணி இருந்தா அது கெழக்கு. பாண்டிச்சேரில பொறந்தவளுக்கு வேற கணக்கு ஏது? பெரிய சக்கரம் வச்ச கப்பல் ஒண்ணு நின்னுச்சு. அதுல ஏறத்தான் டிக்கெட்டு வாங்க ஆல்பேரும் ஷோபாவும் வரிசையில நின்னாங்க. என்னை பெஞ்சுல உக்கார வச்சாங்க.

அப்ப அந்தக் கப்பல் ஊதிச்சு பாரு.

அப்படியே மில் சங்குடி. மொதல்ல அடித்தொண்டையில ஆரம்பிச்சு, அப்புறம் மேல ஏறி, நெஞ்செலும்பு நடுங்கற வரைக்கும். நான் எழுந்துட்டேன். எழுந்தது எனக்குத் தெரியாது. தண்ணிய முதுகுல வச்சேன், நடந்தேன். மஞ்ச சுவரு வந்துச்சு, பால்கனி வந்துச்சு, மூணெழுத்துப் பலகை வந்துச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சோறு ஆறிடும்னு கூட நெனச்சேன், சத்தியமா. இப்ப வாய்க்கா வரும், இப்ப வாய்க்கா வரும்னு பாக்கறேன், வரவே இல்ல. ஒரு பெரிய ரோடு வந்துச்சு. காரெல்லாம் நின்னு வழி வுட்டுது, நம்ம ஊருல எவன் நிப்பான்? அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். தாண்டினேன். எதிர்ல நீளமா ஒரு வெள்ளைச் சுவரு. சுவத்துக்கு மேல சிலுவை சிலுவையா தெரியுது. அந்த ஊருல செத்தவங்களப் பொதைக்கறது இல்ல, தரைக்கு மேல குட்டிக் குட்டியா வூடு கட்டி உள்ள வச்சுடறாங்க.

என் வூடு இருக்க வேண்டிய எடத்துல கல்லறை நிக்குது.

அப்பத்தான்டி பயம் வந்துச்சு. அது வரைக்கும் இல்ல. எங்க இருக்கேன், யாருக்கு சோறு கொண்டு போறேன், கையில தூக்கு எங்க. அவரத்தான் நம்ம ஊரு உப்பளம் கல்லறையில பொதைச்சாச்சே. அந்த வெள்ளைச் சுவத்து வாசல்ல ஐஸ் பொட்டியில தண்ணி பாட்டிலு வச்சு ஒரு கறுப்பு அம்மா வித்துகினு இருந்துச்சு, நல்ல ஒடம்பு. என்னப் பாத்ததும் எழுந்து, "பேபி"ன்னு கூப்பிட்டுச்சு. எழுபது வயசுக் கெழவியப் பாத்து! தன் நாற்காலியில என்ன உக்கார வச்சு, பாட்டிலத் தொறந்து வாயில வச்சுது. நான் தமிழ்ல அழுவறேன், அது இங்கிலீஷ்ல முதுகத் தடவுது. அப்புறம் ரவிக்கை அட்டையப் பாத்து அதுவே போன் போட்டுச்சு. மருமவள கிண்டல் பண்ணக் கூடாதுன்னு அன்னைக்குப் புரிஞ்சுது. ரெண்டு நாள்ல மறந்துட்டேன், அது வேற.

ஆல்பேரு ஓடி வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. "எங்கம்மா போன? எங்க போன?"

"வூட்டுக்குடா"ன்னேன். யோசிச்சுச் சொல்லல. அப்படியே வந்துடுச்சு.

அவன் நின்னான். அப்புறம் அந்த நடைபாதையிலயே என் காலாண்ட உக்காந்துட்டான், அம்பது வயசு ஆம்பளை. மெதுவா கேட்டான், "சங்கு ஊதிச்சே, அதுக்கா?"

நான் தலைய ஆட்டினேன்.

"எனக்கும் கேட்டுதும்மா"ன்னான்.

அவ்வளவு தான். அந்தக் கடுதாசிய அப்புறம் நான் கண்ணுல பாக்கல. பத்தாம் நாள் என்ன ஏரோப்ளேன் ஏத்தி வுட்டான். மாசா மாசம் இந்த டப்பா மட்டும் வருது. இங்க கெடைக்காதா? கெடைக்கும். நான் சொல்லல, நீயும் சொல்லிடாத.

வந்து பாத்தா, மில்லு இருந்த எடத்துல புல்லு மொளைச்சுக் கெடக்குது, முன்னாடியும் அப்படித்தான் கெடந்துச்சு, நான் தான் சரியாப் பாக்கல. மதாம் வூடு ஓட்டலாயிடுச்சு. வாசல்ல ஒரு நாள் நின்னேன். "யாரப் பாக்கணும் ஆயா?"ன்னான் வாட்ச்மேன். "நான் உரிச்ச வெங்காயத்த"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தெருவுல விடுவாங்களா? "என்னாக்கா பாத்த அமெரிக்காவுல?"ன்னு சுத்திக்கிட்டாங்க. தொலைஞ்சு போனத நான் சொல்லுவேனா? "மில்ல மூடினதும் நம்ம சங்கு காணாம போச்சே, அத எவன் தூக்கினான்னு கண்டுபுடிச்சுட்டேன். அமெரிக்காக்காரன் தான். ஆத்துல ஒரு கப்பல் மேல வச்சு ஊதறான்"னேன். எல்லாரும் கொல்லுனு சிரிச்சாங்க. எதிர் வூட்டு மரியம்மா மட்டும் சிரிக்கல. அவ புருஷனும் மில்லு தான். கூட்டம் கலைஞ்சப்புறம் வந்து என் கையப் புடிச்சுகினா.

"பன்னெண்டு மணிக்கா ஊதறான்?"ன்னு கேட்டா.

அது ஊதினப்ப மணி பதினொண்ணு கூட ஆவல, ஆல்பேரு சொன்னான்.

"ஆமா மரியம்மா, பன்னெண்டுக்குத்தான்"னேன்.