திரைக்குப் பின்னால் ஒரு சேவல்

என் வீட்டுக்காரர் இறந்ததற்கு அடுத்து வந்த தபசு காலத்தில், கோயிலில் நாற்பது நாள் நோன்பு இருக்கும் நாட்களில், நான் கிட்டத்தட்ட ஊமையாகிவிட்டிருந்தேன். தொண்டையில் நோய் எதுவும் இல்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அவர் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கொழுந்தனார் வீட்டில், சமையற்கட்டை ஒட்டிய அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள்.

காலையில் கண் விழித்ததும் இந்தப் பகலை எப்படித் தள்ளுவது என்று பயமாக இருக்கும். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். கிணற்றடிக்கு என்னைத் தனியே விடுவதை என் ஓரகத்தி நிறுத்திவிட்டாள். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் கேட்டதில்லை, நான் சொன்னதும் இல்லை. ஒரு வாளி தண்ணீருக்கு நான் எழுந்தாலும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வருவாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. அவளுக்கும் பாவம், சலித்துப்போயிருக்கும்.

எங்கள் மாதா கோயிலில் குருத்து ஞாயிறன்று ஆண்டவருடைய சிலுவைப் பாடுகளை நாடகமாகக் காட்டுவார்கள். மேடையில் வருவது ஆட்கள் அல்ல, ஆளுயர மரச் சிலைகள். பலகைத் தட்டுக்கு அடியில் ஆண்கள் குந்தியிருந்து கயிற்றால் சிலைகளின் தலையையும் கையையும் அசைப்பார்கள். பின்திரைக்கு அப்பால் நிற்பவர்கள் சிலைகளுக்காகப் பேசுவார்கள், பாடுவார்கள். அக்கரைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் படகு பிடிக்க வேண்டும் என்பதால் மத்தியானமே நாடகம் தொடங்கிவிடும். வெளிச்சம் புகாதபடி, அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகையைச் சுற்றிச் சாக்கு கட்டுவார்கள்.

மாதாவின் புலம்பலை, அந்த வருஷம் வீட்டில் சாவு கண்ட பெண்ணிடம் கொடுப்பது எங்கள் கோயில் வழக்கம். துக்கம் உள்ளவளுக்குத்தான் துக்கம் பாட வரும் என்று நினைத்தார்கள். அதனால், கோயில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியாரின் சம்சாரம் என்னைத் தேடி வந்தார்.

"வாம்மா, ஒரு தடவ வந்து பாடிப் பாரு. மனசுல உள்ளதெல்லாம் வெளியில வந்துரும்."

"எனக்கு வராதுக்கா."

"யாரும் பாக்க மாட்டாங்க. திரைக்குப் பின்னாலதானே நிக்கப் போற."

நான் போனேன். மறுத்துப் பேசத் தெம்பில்லாததுதான் காரணம். ஒத்திகையில் என் முறை வந்ததும் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னார்கள், மறுபடியும் காற்று. எல்லாரும் என்னைப் பார்த்தபடி நின்றார்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்காகக்கூட என்னால் அழ முடியவில்லை என்றால் நான் என்ன பிறவி என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. கடைசியில் உபதேசியாரின் சம்சாரம் புலம்பலைத் தாமே எடுத்துக்கொண்டு, கிழிந்திருந்த சிலை அங்கிகளைத் தைக்கச் சொல்லி என்னைத் திரையோரம் உட்கார வைத்தார். வீட்டுக்கு அனுப்பிவிடாததே பெரிய காரியம்.

இரண்டாம் வாரம் சேவல் பிரச்சினை வந்தது. மூத்த அப்போஸ்தலர் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னதும் சேவல் கூவ வேண்டும், அதைக் கேட்டு அவர் மனம் கசந்து அழ வேண்டும். வழக்கமாகக் கூவுகிறவர் வேலை போய் அந்த வருஷம் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். உபதேசியார் ஆளாளுக்குக் கூவச் சொல்லிப் பார்த்தார். கோயில் மணியடிக்கிறவர் கூவினார்.

"இது சேவலா, மிதிபட்ட வாத்தா?" என்று தட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. மாட்டு வண்டி ஓட்டுகிறவர் அவர். பெரிய தொந்தியோடு அப்போஸ்தலர் சிலைக்குக் கீழே குந்தியிருப்பார். அந்தச் சிலைக்குத் தலையில் முடி இல்லாததால் 'நம்ம மொட்டை' என்பார்.

"நீங்களே கூவுங்களேன்" என்றார் மணியடிக்கிறவர்.

"நான் கூவினா மொட்டையை யாரு ஆட்டுறது? நீங்க இப்படிக் கூவினா மொட்டை மனம் திரும்ப மாட்டாருண்ணே, சூப்பு வைக்கச் சட்டி தேடுவாரு."

உபதேசியார் அதட்டினார். இன்னொருவர் கூவினார். அது இருமலில் முடிந்தது. நான் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. ஊசியைக் கையில் பிடித்தபடியே கூவிவிட்டேன்.

சின்ன வயதில் பாலிக் புலாவில், கம்பம் என்று சொல்லும் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். அங்கே சேவல்களுக்குக் கோபமூட்ட நான் கூவுவேன், பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன பழக்கம் என்று அம்மா அடித்து நிறுத்தினாள். அதோடு விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது உள்ளேயே இருந்திருக்கிறது. வயிற்றிலிருந்து கிளம்பி, மார்பை அடைத்துக்கொண்டு ஏறி, உச்சியில் உடைந்து, இழுத்து முடிந்தது.

தட்டுக்கு அடியிலிருந்து வண்டிக்காரர் கேட்டார்: "கோழியை உள்ள விட்டது யாரு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். முகம் தீயாய் எரிந்தது. ஆனால் காதுக்குள் என் குரலே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பசித்தது. அப்படிப் பசித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன், நினைவில் வரவில்லை.

சேதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. கொழுந்தனார் மிகவும் மரியாதையானவர், என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். சமையற்கட்டில் இருந்த மனைவியிடம் சொல்வதுபோல், எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"அண்ணன் போயி வருஷம் திரும்பல. அண்ணி சேவல் மாதிரி கூவுறாங்களாம். மார்க்கெட் தெருவுல ஒருத்தன் என்னை நிறுத்திக் கேக்குறான். எங்க ஊர்ல பெட்டை கூவினா அன்னிக்கே அறுத்துருவாங்க. இனிமே கொட்டகைக்குப் போக வேணாம்னு சொல்லு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதுதான் என் சுபாவம். அன்று என்னால் முடியவில்லை. அந்த அறைக்குள் இருப்பதெல்லாம் எனக்குத் தெரியும். வெளியே அந்த ஒரு கூவல்தான் இருந்தது. அதையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். சமையற்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னைப் போக விடுங்க தம்பி" என்றேன். "எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் தரையைப் பார்த்தார். ஓரகத்தி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள். கணவரிடம் அவ்வளவு காட்டமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"கூவட்டும்ங்க. எவன் கேட்டா என்ன? இவங்க பேசாம சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் இவங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எனக்கு முடியல. ராத்திரி தூக்கமே இல்ல. அங்க போயிக் கூவினா ஒரு வாய் சோறாவது திங்கிறாங்கல்ல."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். போகாதே என்று மறுபடி சொல்லவில்லை.

குருத்து ஞாயிறு மத்தியானம் கொட்டகை நிறைந்துவிட்டது. உள்ளே ஒரே புழுக்கம். திரைக்குப் பின்னால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. புலம்பலின்போது வந்தது போலவே இப்போதும் வெறும் காற்று வந்தால், இந்த ஒன்றும் போய்விடும் என்ற பயம். அப்போஸ்தலருக்காகப் பேசுகிறவர் "அந்த மனிதரை நான் அறியேன்" என்று சொல்லி முடித்தார். உபதேசியார் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கூவினேன்.

வந்தது. முழுதாக வந்தது. கூவல் அடங்கியதும் கொட்டகையில் ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில், சாக்குக்கு அந்தப் பக்கம், சீனர் வீட்டுப் பின்கட்டில் ஒரு சேவல் பதில் கூவியது. அதற்கு இன்னொன்று. அதற்குச் சந்துக் கோடியிலிருந்து வேறொன்று. எனக்கு விட்டுக்கொடுக்க ஒன்றுக்கும் மனமில்லை.

உபதேசியார் தலையில் கைவைத்தார். தட்டுக்கு அடியில் வண்டிக்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரிப்பதை நான் இருந்த இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. தொந்தி குலுங்கியது, கையிலிருந்த கயிறு குலுங்கியது, மேலே மொட்டைத்தலைச் சிலை கிடுகிடுவென்று நடுங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்கள் அண்ணாந்து பார்ப்பது திரை இடுக்கில் தெரிந்தது. "அழுறாரு பாரு, ஆண்டவரே" என்றாள் ஒருத்தி. அடுத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுவதும் விசும்பல் கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் சரிந்து உட்கார்ந்தேன். தோள் குலுங்கியது. உபதேசியாரின் சம்சாரம் ஓடி வந்து என்னை அணைத்துக்கொண்டார்.

"அழுதுரும்மா. இப்பவாவது வந்துச்சே."

சிரிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிரிப்பு எங்கேயோ திரும்பிவிட்டது. அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து அழாததையெல்லாம் அழுதேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பாஸ்குத் திருநாள் முடிந்தது. மறுநாள் காலை அதே அறை, அதே பயம். மறுபடியும் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூவி முடித்த பிறகு வந்த வெறுமை முன்னதைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் இப்போது எனக்கு இழக்க ஒன்று இருந்தது. சிலைகளைப் பெட்டியில் அடைக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். அங்கிகளை மடித்துக் கர்ப்பூரம் போட்டு வைத்தேன். வண்டிக்காரர் மொட்டைத்தலையைத் தூக்கிப் பெட்டியில் கிடத்திவிட்டு, "வரேன் தங்கச்சி, கோழிக்கறி திங்கவே இப்ப கூச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிளம்பும்போது உபதேசியார் கூப்பிட்டார்.

"அடுத்த வருஷம் கொஞ்சம் மெதுவா கூவும்மா. ஊர்ச் சேவலையெல்லாம் கூட்டிட்ட நீ."

"சரிங்க ஐயா. மெதுவா கூவுறேன்."

தெருவுக்கு வந்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. மறுநாளைப் பற்றிக்கூட வாய் திறக்காதவள் ஒரு வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த தபசு காலம் வரை எத்தனை காலைகள் எழுந்திருக்க வேண்டும் என்று விரலை மடித்து எண்ணப் பார்த்தேன், பாதியிலேயே விட்டுவிட்டேன். ரிக்ஷாக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றேன். மெதுவாகக் கூவ எனக்குத் தெரியாது. அதைப் பழகியாக வேண்டும்.