பீஜிக் கடிதத்தில் நான் வாசிக்காத வரி

எண்பத்தேழாம் ஆண்டு சுவிசிலை, ஷ்லீரன் எண்ட ஊரிலை ஒரு தொழிற்சாலைக் கன்ரீனிலை கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். பக்கத்திலை மரக்கறி வெட்டுற அக்கா பீஜித் தீவிலை பிறந்த தமிழ்ப் பொம்பிளை. சுவிஸ்காரரைக் கலியாணம் முடிச்சு வந்தவ. எனக்கு அப்ப வாய்க்கொழுப்பு. "பீஜியிலை தமிழரோ? கப்பல் வழி தவறிப் போச்சுதோ?" எண்டு நக்கலடிச்சன்.

அவ சிரிக்கேல்லை. "வழி தவறலை தம்பி. தாத்தாவை வெள்ளைக்காரன் கரும்பு வெட்ட ஏத்திட்டுப் போனான். அஞ்சு வருஷம்னு சொன்னாங்களாம். ஊர் திரும்பவே இல்லை."

அந்த வருசம்தான் அங்கை பட்டாளம் ஆட்சியைப் பிடிச்சது. கப்பலிலை போனவையின்ரை பேரப்பிள்ளையள் பெட்டி கட்டத் தொடங்கிச்சினம். ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த எனக்குப் பெட்டி கட்டின கதை புதுசோ? நக்கலை விட்டிட்டன்.

அக்கா இங்கிலீசிலை படிச்சவ. தமிழ் கதைப்பா, வாசிக்கத் தெரியாது. அவவின்ரை அண்ணனுக்கோ தமிழ் எழுத்து மட்டும்தான். அவர் போடுற கடிதங்களை இடைவேளையிலை நான்தான் வாசிச்சுக் காட்டுறது.

ஒருநாள் வந்த கடிதத்திலை நாலாவது வரி: "அம்மா தவறிட்டாங்க. ரோட்டுல பட்டாளம் நின்னதால எட்டுப் பேர்தான் சுடுகாட்டுக்குப் போனோம்."

எங்கடை பக்கத்திலை செத்தவீட்டுச் செய்தியை முகத்திலை அடிச்சமாதிரிச் சொல்லுறேல்லை. "கொஞ்சம் கடுமை, வந்து பாருங்கோ" எண்டால், ஆள் போயிட்டுது எண்டு கேக்கிறவைக்கு விளங்கிப்போகும். என்ரை வாயும் தன்பாட்டிலை அதைத்தான் சொன்னது. "அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம் அக்கா. போய்ப் பாருங்கோ."

"கடுமைன்னா பிழைச்சுக்குவாங்கல்ல?" எண்டா அவ. மடையன் நான், தலையாட்டினன்.

அடுத்தநாள் தைலப் போத்தலும் சொக்கிலேற்றும் வாங்கிக்கொண்டு வந்தா. "அம்மாவுக்கு எழுது தம்பி. லீவு கிடைச்சதும் வந்துடறேன், மருந்தை ஒழுங்கா சாப்பிடணும்னு எழுது." செத்த மனிசிக்கு நான் அந்தக் கடிதத்தை எழுதினன். உண்மையைச் சொல்லத் துணிவு வரேல்லை. இண்டைக்கு நினைச்சாலும் என்னிலை எனக்கே கோவம் வருது.

ஆறு கிழமையாலை பதில் வந்தது. இந்தமுறை இடைவேளைக்குக் காத்திராமல், ஒண்டையும் விடாமல் வாசிச்சன்: "தங்கச்சி, அம்மா போனதைத்தான் எழுதினேனே. உன் கடிதத்தை அம்மா படத்து முன்னாடி வைச்சு வாசிச்சேன்."

அவ வெட்டிக்கொண்டிருந்த வெங்காயம் அரைவாசியிலை நிண்டது. அக்கா கத்தேல்லை, ஏசேல்லை. "ஆறு வாரமா விளக்கேத்தி, பிழைக்கணும்னு கும்பிட்டுட்டு இருந்தேனே, தம்பி" எண்டா.

பிறகு கைப்பையிலை இருந்து பழைய கடிதத்தை எடுத்து விரிச்சா.

"அது எந்த வரி? காட்டு."

காட்டினன். அவ அந்த வரியிலை தன்ரை விரலை வைச்சா.

"இப்ப வாசி."

வாசிச்சன்.