அக்காவின் கொண்டையைக் கவ்விய இடுக்கி

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தச் சாமான் கிடைத்தது. நீளமான இரண்டு இரும்புக் கைப்பிடிகள், முனையில் கிளிமூக்கு போல வளைந்த மொண்ணைத் தாடைகள். நல்ல கனம்.

"பாக்குவெட்டி" என்றேன்.

"யானைக்கா?" என்றாள் அக்கா.

அத்தான் அதைத் தேங்காய் உரிக்கிற கருவி என்று முடிவு செய்து ஒரு தேங்காயை வைத்து அமுக்கினார். தேங்காய் வழுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனது.

அக்காவுக்கு எதையும் 'தெரியாது' என்று சொல்லிப் பழக்கமில்லை. "கொண்டை இறுக்கறதுக்குடா இது. அந்தக் காலத்துல முடி அப்படி இருந்திருக்கு" என்றவள், யாரும் தடுப்பதற்குள் தன் கொண்டையை அதன் வாயில் கொடுத்தாள். "ரெண்டு பேரும் அமுக்குங்க."

அமுக்கினோம். 'டக்'கென்று சத்தம். கொண்டை பிரமாதமாக நின்றது. இடுக்கிதான் திறக்கவில்லை.

தேங்காயெண்ணெய் ஊற்றினோம், மண்ணெண்ணெய் ஊற்றினோம். அத்தான் கத்தரிக்கோலை எடுத்ததும் அக்கா போட்ட சத்தத்தில் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். கடைசியில் அவள் தலையில் துண்டைப் போர்த்தி, என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர் சாலையிலிருக்கும் வெல்டிங் கடைக்குக் கிளம்பினேன். கைப்பிடிகள் பின்னால் கொம்பு போல நீட்டிக்கொண்டிருந்தன. பைபாஸ் திருப்பத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார்.

"ஹெல்மெட் எங்கம்மா?"

"தலையில எடமில்லைங்க" என்று அக்கா துண்டை விலக்கினாள். அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். "லாரி ஜாக்கிங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வெல்டிங் கடைக்காரர் நெருப்பை முடிப்பக்கம் கொண்டுவர மாட்டேன் என்று கும்பிட்டார். அடுத்த கட்டடம் கால்நடை ஆஸ்பத்திரி. வாசலில் நின்று ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த டாக்டர் எங்களைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார். அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, இடுக்கியின் மூட்டில் ஒரு தட்டுத் தட்டி, கைப்பிடிகளை வெளிப்பக்கமாக வெடுக்கென்று இழுத்தார். திறந்துகொண்டது. கொண்டை தோசைபோல நசுங்கியிருந்தது.

அக்கா விடவில்லை. "இது எதுக்குங்க டாக்டர்?"

அவர் என்னைப் பார்த்தார். "காளை மாட்டுக்குங்க."

"காளைக்கு ஏது கொண்டை?"

"இது... காயடிக்கறதுங்க."

வரிசையில் கன்றுக்குட்டியோடு நின்றவர் அதைச் சற்றுத் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார். அக்கா துண்டை இழுத்து மறுபடி தலையில் போர்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு வேண்டாம்னா ஆஸ்பத்திரிக்கே குடுத்துடுங்க" என்றார் டாக்டர். "எங்களுது இப்பல்லாம் சரியா பிடிக்கறதில்ல."

அக்கா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க. இது நல்லாவே பிடிக்குது."