பூசை நாள் கணக்கு

எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் ஆயில் இஞ்சின் பிரித்து மாட்டித் தொழில் பழகியவர் கருப்பசாமி. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. இன்று கோவில்பட்டியில் எந்தக் கடலைமிட்டாய்க் கம்பெனி புது லைன் போட்டாலும் மிட்டாய் ஓடும் பெல்ட்டின் உயரம், ஓட்டம், யார் எங்கே நிற்பது எல்லாம் அவர் கைவேலைதான். தான் போட்ட லைனில் ஒரு பொம்பளை அழுதால் அவருக்குச் சோறு இறங்காது.

தங்கசாமி கம்பெனியில் அதுதான் நடந்தது. பன்னிரண்டு பெண்கள் மிட்டாயைப் பொதிந்து பெட்டியில் அடுக்கும் லைன் அது. பூசை போட்டு ஓட்டிய அன்று முதலாளியின் சொந்தபந்தம், பக்கத்து வீட்டார், சர்க்கரைப் பொங்கல் வாங்க வந்தவர்கள் என்று எல்லாரும் நெருக்கியடித்து நின்று விளையாட்டாய் ஆளுக்கொரு கை போட்டார்கள். சாயங்காலம் பெட்டி குவிந்து கிடந்தது. இனி ஷிப்ட்டுக்கு அதுதான் டார்கெட் என்று சொல்லிவிட்டார் தங்கசாமி.

மறுநாள் பன்னிரண்டு பேர்தான். பெட்டி எப்படி நிறையும்? முதலாளி தன் போக்கில் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். மிட்டாய் கைக்கு அகப்படாமல் ஓடிக் கீழே சிதறியது. கடைசியில் நின்ற பெருமாயியின் தலையில் பழி விழுந்தது.

"ஏட்டி, கை மரத்தா போச்சு? நாளையிலருந்து வராத!"

பெல்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று கருப்பசாமியையும் வரச் சொல்லியிருந்தார். வந்தவர் தரையில் நொறுங்கிக் கிடந்ததைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெருமாயியைப் பார்த்தார். நேரே போய் பெல்ட்டை நிறுத்தி, வேகத்தைப் பழைய அளவுக்குத் திருப்பி வைத்தார்.

"ஏன் நிறுத்துதீரு? லைன்ல என்ன கோளாறுன்னு பாரும்," என்றார் தங்கசாமி.

"கோளாறு லைன்ல இல்ல அண்ணாச்சி. பொங்கல் திங்க வந்த கூட்டமே சேர்ந்து அடுக்குனத பன்னெண்டு பேருகிட்ட கேக்குதீங்களே, இது அடுக்குமா? அன்னைக்கு ஒங்க மாமியாரும்லா நின்னு பெட்டி கட்டுனாவ. அவியள இங்கன கொண்டாந்து நிறுத்துங்க, வேகத்த நானே கூட்டுதேன்."

பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார்கள்.

"சம்பளம் நான்லா குடுக்கேன்வே!"

"பன்னெண்டு பேருக்குத்தான குடுக்கீங்க? ஓட்டத்தப் பழையபடி வச்சிட்டேன். கூட்டணும்னா வேற ஆளப் பாருங்க."

தங்கசாமி பெண்களைப் பார்த்தார். ஒருத்தியும் பெல்ட்டில் கை வைக்கவில்லை.

"சரிவே, பழைய வேகத்துலயே ஓடட்டும். வார பெட்டி வரட்டும். அவளையும் வரச் சொல்லும்."

"ஏசுனது நீங்க. நீங்களே சொல்லுங்க."

முதலாளி பெருமாயி பக்கம் திரும்பி, "நாளைக்கு வந்துரு," என்று முனகினார்.

"வாரேன் மொதலாளி. பெட்டி நெறையலன்னு இனி யாரையும் ஏசக் கூடாது."

தங்கசாமி தலையை ஆட்டினார்.

"தலைய ஆட்டுனா பத்தாது அண்ணாச்சி," என்றார் கருப்பசாமி. "வாயத் தொறந்து சொல்லுங்க."