விளக்கு வைக்கும் நேரத்தில் வரும் டிரைவ்

என் கணவருக்குச் சாமி ஆகாது. எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல், ஒலிபெருக்கியில் ஒருவர் பசி மயக்கம் வரும்வரை பேசி முடித்த பிறகுதான் நடந்தது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கோயில் கொடைக்கு வசூல் கேட்டு வருகிறவர்கள் எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். கதவைத் தட்டினால் காசுக்குப் பதிலாகப் பேச்சு கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வடாலாவில் அவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் ஆயுத பூஜை நடந்தால் வெளியே நிற்பார். பொரி கொடுக்கும்போது மட்டும் உள்ளே வருவார். கேட்டால், ‘பொரி என்ன பாவம் செஞ்சுது?’ என்பார்.

நான் வீட்டில் இருந்தபடியே ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து ஏற்றும் வேலை செய்கிறேன். கம்ப்யூட்டர் என்னுடையது. அதற்குள் உட்கார்ந்திருக்கும் காவல்கார மென்பொருள் கம்பெனியுடையது. பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் என்று எதைச் சொருகினாலும் அது உடனே மேலிடத்துக்குக் கோள் சொல்லிவிடும். நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாதாம். நியாயம்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லையே என்று கம்ப்யூட்டரில் சொருகித் தொலைத்தேன். போனும் அதன் கண்ணுக்கு ஒரு டிரைவ்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும்.

அப்போது பட்டறை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அன்றைக்கு அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, ‘முதலாளித்துவம் இப்படித்தாம்ட்டி இருக்கும்’ என்றார். கையில் கரண்டி இல்லாததால் தப்பித்தார்.

அதற்குப் பிறகு போனைக் கம்ப்யூட்டர் மேஜைப் பக்கமே நான் கொண்டுபோகவில்லை. ஆனாலும் வந்தது. சில நாள் கழித்து, சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால், திரையில் ‘ஈ’ என்று ஒரு புது டிரைவ். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்னவோ சீன எழுத்து. நான் எதையும் சொருகவில்லை. பால் பொங்குவதற்குள் ஆபீஸ் மேடத்தின் மெயில் வந்துவிட்டது. என் கணக்கை நிறுத்திவிட்டார்களாம். வெள்ளிக்கிழமை வீடியோவில் வந்து, அது என்ன சாதனம், யார் சொருகியது என்று காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் அதோடு முடிந்தது.

ஆபீஸின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவன், ‘ரீஸ்டார்ட் கீஜியே, மேடம்’ என்றான். நான் என்ன சொன்னாலும் அவனுக்கு அது ஒன்றுதான் மருந்து. ரீஸ்டார்ட் செய்தேன். ‘ஈ’ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எஜெக்ட் கொடுத்தேன், போனது. மறுநாள் சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு மறுபடியும் வந்தது.

பிறகு நானே இறங்கினேன். டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பதையும் காட்டு என்று ஒரு வசதி உண்டு. அதை அழுத்தியதும், என்றைக்காவது இந்தக் கம்ப்யூட்டரில் தலைகாட்டிய சாதனமெல்லாம் மங்கலாக வரிசை கட்டி நின்றது. பக்கத்து வீட்டு அக்காவின் மகள் பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்கக் கொண்டுவந்த பென் டிரைவ், ஜெராக்ஸ் கடைக்காரர் வைரஸோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியது, என் வீட்டுக்காரரின் பகுத்தறிவுக் கூட்டத்துப் பேச்சுகள் அடங்கியது. செத்தவர்கள் பெயர் ரேஷன் கார்டில் கிடக்கிற மாதிரி எல்லாம் கிடந்தன. ஒவ்வொன்றாக நீக்கினேன். பிரிண்டரில் மெமரி கார்டு சொருகும் பொந்து இருக்கிறது, அதுவும் டிரைவ் வேஷம் போடும் என்று எங்கோ படித்து, பிரிண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ‘ஈ’ அசையவில்லை.

இத்தனைக்கும் அவர் எனக்குக் கூடவே நின்று டார்ச் பிடித்தார். எங்கள் சி.பி.யூ பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. அதன் பின்பக்கம் கை போகும், கண் போகாது. அவரே கையை விட்டுத் தடவிப் பார்த்து, ‘பென் டிரைவ்லாம் ஒண்ணும் இல்லட்டி’ என்றார். பிறகு எனக்குப் பாடம் வேறு நடத்தினார்.

‘எதுக்கும் ஒரு காரணம் இருக்கும். பேய் பிசாசுன்னு நெனைக்காத. அறிவ வச்சு யோசி.’

‘யோசிக்கத்தான செய்யுதேன். நீங்க டார்ச்ச ஒழுங்காப் பிடிங்க!’

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை தீர்ந்தது. கணக்குதான் நிறுத்தப்பட்டுவிட்டதே, வைரஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த டிரைவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு பாட்டுக் கோப்பு. அதை அழுத்தினேன். ஸ்பீக்கரில், ‘ஓம்… ஓம்…’ என்று தம்புராவோடு கிளம்பியது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு சாமி படம்கூட மாட்டாத எங்கள் வீடு ஓம் ஓம் என்று அதிர்ந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிக் கிடந்தது. பீரோவை நகர்த்தி, சி.பி.யூ பின்னாலிருந்து ஒரு வயரை இழுத்தார். வயரின் நுனியில் கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் பிள்ளையார், வயிற்றுக்குள் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிய, வெளியே வந்தார்.

‘இது சும்மா லைட்டுட்டி’ என்றார். ‘கம்ப்யூட்டர்ல சொருகி வச்சா எரியும்னான். பாட்டும் படிக்கும்னான், ஆனா படிக்கல.’

பாட்டு எங்கே படிக்கும்? பாட்டை வைத்திருக்கும் இடம்தானே கம்ப்யூட்டருக்கு டிரைவாகத் தெரிந்திருக்கிறது! நான் பால் வாங்கப் போன நேரம் பார்த்துத் தினமும் சொருகி, நான் தூங்கப் போனதும் பிடுங்கியிருக்கிறார். என் வேலை நிலைக்க வேண்டுமாம். பிரச்சினை பெரிதாகப் பெரிதாக இன்னும் அதிக நேரம் எரியவிட்டிருக்கிறார்.

‘எங்க வாங்குனிய?’

‘செம்பூர்ல.’

‘அம்புட்டுத் தூரமா?’

‘இங்க வாங்குனா எவனாவது பாப்பான்லா.’

‘அட நாசமாப் போக! நானே வேல போயிருமோன்னு உசுரக் கையில பிடிச்சுட்டு அலையுதேன், நீங்க பிள்ளையார வச்சா ஆப்பு அடிக்கிய?’ என்று கத்தினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையைக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் பிள்ளையார் பிள்ளையாராகவே இருந்துகொண்டு குரங்கு வேலை பார்த்திருக்கிறார்.

கத்தி முடித்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், ‘மேடத்துக்கிட்ட நீயே வச்சதாச் சொல்லிருதியா?’ தெருவில் அவருக்கு ஒரு மானம் இருக்கிறது. சரி, அப்படியே சொல்லித் தொலைக்கிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை மேடம் திரையில் வந்ததும் முதல் வார்த்தையிலேயே அந்த வழியை அடைத்துவிட்டார். நான் சொருகியிருந்தால் அது இரண்டாவது தப்பு, அவராலும் காப்பாற்ற முடியாது. வீட்டில் வேறு யாராவது தெரியாமல் சொருகியிருந்தால், அவரே கேமரா முன்னால் வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். எல்லாம் பதிவாகும்.

நான் வாசலைப் பார்த்தேன். அவர் கருப்புச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்குக் கூட்டம் இருந்தது. அவரைக் கூட்டிப்போக வந்த தோழர்கள் வெளியே எங்கள் சுவரில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சுவர் தகரம். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு என்பார்கள்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. அவரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

‘மைனே லகாயா, மேடம்’ என்றார், ரகசியம் சொல்கிற குரலில்.

‘ஆவாஸ் நஹீ ஆ ரஹீ’, சத்தம் கேட்கவில்லை என்றார் மேடம்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு, கூட்டத்தில் பேசுகிற குரலில், பம்பாய் இந்தியில் சொன்னார். நான்தான் சொருகினேன். சாமி விளக்கு. பெண்டாட்டி வேலை நிலைக்கணும்னு வச்சேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. லைன் நடுவில் வெட்டியதால் மேடம் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். சாதனத்தைக் காட்டுங்கள் என்றார் மேடம். கருப்புச் சட்டைக்கு முன்னால் பிள்ளையாரைத் தூக்கிப் பிடித்தார். மேடம் வாயைக் கையால் மூடிக்கொண்டு, சரி, இது தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்கிறேன், திங்கட்கிழமை வேலைக்கு வா, பின்னால் இருக்கும் ஓட்டைகளை டேப் போட்டு மூடு என்றார்.

வெளியிலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது, ‘தோழர், சுண்டல் உண்டா?’ அதற்குப் பிறகு தகரமே ஆடுகிற சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு அவரைக் கூப்பிடாமலே போய்விட்டார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

‘உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே. எதுக்கு இந்த வேல பாத்திய?’ என்று கேட்டேன்.

‘சாமி இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்’ என்றார். ‘நீ அன்னைக்குத் தரையில உக்காந்து அழுதேல்லா, எனக்கு யாருகிட்டப் போயி கேக்கன்னு தெரியல. அதான், இல்லாதவன்கிட்டயாவது கேட்டுப் பாப்பமேன்னு போனேன்.’

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுபடியும் அழுதால் இந்த மனுஷன் எதை வாங்கி எங்கே சொருகுவாரோ என்ற பயத்தில் அடக்கிக்கொண்டேன்.