நான் தள்ளிப்போட்ட ஆஞ்சியோ

மருத்துவமனை சொல்லாத ஒன்றை, மருத்துவமனை சொன்னதாக என் மனைவியிடம் சொன்னேன். அவள் உயிர் இன்று ஊசலாடுவதற்கு அந்தப் பொய்யும் காரணம். இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடம்தான் முதலில்...

மஞ்சுளாவுக்கு மகள் பிறந்த பிறகு இதயம் வீங்கித் தளர்ந்தது. ஐந்து வருடங்களுக்கு முன் பெங்களூரில் வேறொரு இதயத்தைப் பொருத்தினார்கள். சாலை விபத்தில் இறந்த ஓர் இளைஞனுடையது. அதற்குமேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போதே மருத்துவர் எச்சரித்தார். பொருத்திய இதயத்தின் ரத்தக்குழாய்கள் நாளடைவில் உட்புறம் தடித்துச் சுருங்கக்கூடும். நரம்புகளை அறுத்துத்தான் பொருத்துகிறார்கள் என்பதால் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. ஆகவே ஆண்டுதோறும் ஆஞ்சியோ எடுத்தாக வேண்டும்.

"வலி வந்தா பாத்துக்கலாம்னு மட்டும் இருந்துடாதீங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்!

மூன்று வருடங்கள் தவறாமல் போனோம். நான்காம் வருடம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆடிட் வாரமும் ஆஞ்சியோ நாளும் ஒன்றாக வந்தன. எனக்கு சூப்பர்வைசர் பதவி கைக்கெட்டும் நேரம். மருத்துவமனையிலிருந்து அழைத்த பெண்ணிடம், "ஊர்ல விசேஷங்க, அடுத்த மாசம் கூட்டியாறேன்" என்றேன்.

மஞ்சுளாவிடம், "இந்த வருஷம் உனக்கு ஆஞ்சியோ வேணாமாம். ரத்த டெஸ்ட் மட்டும் போதுமாம். அவ்ளோ நல்லா இருக்கியாம்" என்றேன்.

பதவிக்காகவா செய்தேன்? அப்படிச் சொல்லிவிட்டால் எனக்கு எளிது. உண்மை அதைவிட அசிங்கமானது. ஆஞ்சியோ அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து கதவு திறக்கக் காத்திருப்பது எனக்கு அலுத்துவிட்டது. ஆம், அலுப்பு! மனைவியின் உயிரைக் காப்பதில் ஒருவனுக்கு அலுப்பு வருமா? எனக்கு வந்தது...

அவள் உடனே சாமல்பட்டியில் இருக்கும் தன் அம்மாவுக்கு போன் செய்தாள். "அம்மா, நான் பாஸாயிட்டேன்!" என்று கத்தினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பின் உண்மையைச் சொல்லத் துணிவில்லை. அடுத்த மாதம் மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்புகளை நான் எடுக்கவே இல்லை.

இந்த வருடம் மாடிப்படியில் பாதியில் நின்றாள். மூச்சு வாங்கியது. கணுக்கால்கள் வீங்கியிருந்தன. வலி மட்டும் துளியும் இல்லை.

பெங்களூருக்கு ஓடினோம். ஆஞ்சியோ முடிந்ததும் மருத்துவர் என்னைத் தனியே அழைத்துத் திரையைக் காட்டினார். குழாய்கள் நூலாய் இளைத்து, பாதியிலேயே மறைந்துபோயிருந்தன.

"நுனி வரைக்கும் சுருங்கிடுச்சு. ஸ்டென்ட் வைக்க எடமே இல்ல. போன வருஷம் ஏன் வரல? அப்பவே தெரிஞ்சிருந்தா மாத்திரைய மாத்தி, கொஞ்சம் தடுத்துப் பாத்திருக்கலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவ வரமாட்டேன்னுட்டா சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, இப்ப அதச் சொல்லி அவங்களத் திட்டாதீங்க" என்றார். அவளுக்காக என்னிடம் பரிந்து பேசினார்!

படுக்கையில் மஞ்சுளா விழித்திருந்தாள். என் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"ஏங்க... உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். போன பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனப்ப ரெண்டு வேள மாத்திர மறந்துட்டேன். திட்டுவீங்கன்னு சொல்லல. அதனாலதான் இப்படி ஆயிடுச்சு... என்னை மன்னிச்சிருங்க."

ரத்தக்குழாய்கள் இரண்டு வேளையில் இப்படிச் சுருங்கிவிடுமா? இல்லை என்று அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். நான் அவள் தலையைத் தடவி, "பரவால்ல விடு" என்றேன்.

நான் அவளை மன்னித்தேன்... நான்!

இன்னொரு இதயத்துக்குப் பதிவு செய்வதுதான் இனி வழி என்கிறார்கள். படிவத்தைக் கொடுத்து ஒரு மாதமாகிறது. அவள் கையெழுத்துப் போட மறுக்கிறாள்.

"யாரோ ஒரு தாய் தன் புள்ளயோட இதயத்தக் குடுத்தா. அதையே நான் ஒழுங்கா வச்சுக்கல. இன்னொண்ணு கேக்க எனக்கு வாய் வருமாங்க? வேற யாருக்காவது போகட்டும்."

புரிகிறதா உங்களுக்கு? அவளைக் கையெழுத்திட வைக்கும் சொற்கள் என்னிடம் மட்டுமே இருக்கின்றன. அவற்றைச் சொன்னால் அவள் வாழ விரும்பக்கூடும். என் முகத்தில் விழிக்க விரும்பமாட்டாள். இவ்வளவு தெரிந்தும் ஒரு மாதமாக எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால், நான் என்ன மனிதன்?

இன்று காலை படிவத்துடன் அவள் அருகில் போய் உட்கார்ந்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும், மஞ்சு."

"சொல்லுங்க."

படிவத்தை மடித்துக்கொண்டே, "மாத்திர போட்டியா?" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. தலையணைக்கு அடியிலிருந்து காலி மாத்திரை அட்டையை அவசரமாக எடுத்து என்னிடம் நீட்டினாள், நான் நம்பவேண்டும் என்பதற்காக.